மூன்று டாலர் பனியன்

திருப்பூரில் மெர்ச்சன்டைசர் என்றால் என்ன வேலை என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் "லெட்டர் போடற வேலைங்க" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். பாதி உண்மைதான். வெளிநாட்டு பையருக்கும் நம்மூர் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர் கேட்கும் பனியனுக்கு விலை சொல்லி, சாம்பிள் அனுப்பி, நூல் வாங்குவதில் தொடங்கி தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறுகிற வரைக்கும் ஒவ்வொருவரையும் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். பையர் திட்டினாலும் முதலாளி திட்டினாலும் வாங்கிக்கொள்வதும் வேலையில் சேர்த்தி.

இந்த வேலையின் உயிர் காஸ்டிங் ஷீட். எந்தக் கவுண்ட் நூல், கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி, டையிங், காம்பேக்டிங், கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங், லேபிள், அட்டைப்பெட்டி, துறைமுகம் வரை லாரி வாடகை, மிஞ்சினால் லாபம். தொண்ணூறுகளின் நடுவில் பச்சை நிற லெட்ஜர் தாளில் கையால் போட ஆரம்பித்தேன். பிறகு கணினியில். ஆசியாவின் எழுச்சி, உலக வணிகத்தின் புதிய மையம் என்றெல்லாம் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சங்கதி முழுக்க இந்தத் தாள் வழியாகத்தான் தெரியும். கூலி எங்கே குறைவோ அங்கே வேலை போகும் என்று பேசுகிறவர்கள் சொல்வார்கள். தாள் எனக்குச் சொன்னது வேறு. கூலி அதில் ஒரு வரி, அவ்வளவுதான். தாளில் எழுதப்படாத சங்கதிகள்தான் ஆர்டரைக் கொண்டுவந்தன, கொண்டும் போயின.

நான் சேர்ந்தது கோட்டா காலம். 1974 முதல் நடைமுறையில் இருந்த மல்டி ஃபைபர் ஒப்பந்தப்படி, எந்த நாட்டிலிருந்து எந்த வகை உடை எத்தனை உருப்படி வரலாம் என்பதற்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் வரம்பு வைத்திருந்தன. இந்தியாவுக்கு வந்த பங்கை ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் பிரித்துக்கொடுக்கும். முந்தைய வருடங்களில் ஏற்றுமதி செய்தவருக்கு அந்தக் கணக்கில் உரிமை உண்டு. அந்த உரிமையை அடுத்தவருக்கு மாற்றித் தரவும் செய்யலாம். ஆகவே கோட்டாவுக்கே ஒரு சந்தை இருந்தது. "டி-சர்ட் கோட்டா இன்னைக்கு என்ன ரேட்டுங்க?" என்று விசாரித்த பிறகுதான் நூல் விலை கேட்போம். ஒரு தையல் மிஷின்கூட ஓட்டாமல் கோட்டாவை விற்றே வீடு கட்டியவர்கள் உண்டு.

மேற்கத்திய மில்களைக் காக்கப் போட்ட இந்த வேலிதான் ஆசியாவில் ஒரு நாட்டுக்கு அடுத்த நாடு தொழில் கற்றுக்கொடுக்கக் காரணமானது. கொரியாவின் பங்கு நிரம்பியதும் அங்கிருந்த டேவூ நிறுவனம் கோட்டா இல்லாத நாட்டைத் தேடியது. சிட்டகாங்கின் தேஷ் கார்மென்ட்ஸுடன் ஒப்பந்தம் போட்டு, 1979-இல் 130 பேரை பூசான் நகருக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களுக்குள் வெளியேறி வேறு கம்பெனிகளில் சேர்ந்தார்கள், சிலர் சொந்தமாகவே தொடங்கினார்கள். வங்கதேசத்தின் ஆடைத் தொழில் அங்கிருந்து கிளம்பியது. டேவூ அங்கே போனது கோட்டாவுக்காக. கூலி மட்டும்தான் காரணமென்றால் பத்து வருடம் முன்பே போயிருக்கலாம்.

ஆரம்பத்தில் எங்களுக்கு வந்த பையர்கள் ஐரோப்பியர்கள். வருடத்துக்கு இரண்டு சீசன் வருவார்கள். முதலாளி கோவை விமான நிலையத்துக்கே கார் எடுத்துக்கொண்டு போவார். சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே விலை பேசுவார்கள். துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'நைஸ்' என்பார்கள். 2000-ஐ ஒட்டி இந்த மரியாதைகள் மெல்ல மறைந்தன. கடிதங்கள் ஹாங்காங் முகவரியிலிருந்து வர ஆரம்பித்தன. கடை ஜெர்மனியில், வாங்குகிறவர் ஹாங்காங்கில். லீ அண்ட் ஃபங் போன்ற நிறுவனங்கள் அந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோயிருந்தன. 1906-இல் குவாங்சோவில் பீங்கானும் பட்டும் விற்கத் தொடங்கிய குடும்பம் அது. நூலை ஒரு நாட்டில் வாங்கி, இன்னொரு நாட்டில் நெய்து சாயமேற்றி, ஜிப்பை வேறெங்கோ எடுத்து, தையலை எங்கே கோட்டா இருக்கிறதோ அங்கே வைத்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு பையிங் ஆபீஸிலிருந்து வந்த பெண்மணியை மறக்க முடியாது. காபி வேண்டாம் என்றுவிட்டு நேராக என் காஸ்டிங் ஷீட்டைக் கேட்டார். பனியனுக்கு நான் போட்டிருந்த துணிக் கணக்கில் டையிங் நஷ்டம் எத்தனை சதவீதம் என்று கேட்டு, அதில் இரண்டைக் குறைத்தார். கட்டிங் வேஸ்ட்டை மார்க்கர் தாளை விரித்து அளந்தார். நிட்டிங் கூலி திருப்பூரில் அன்றைக்கு என்ன என்று என்னைவிடத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார். பக்கத்து அறையிலிருந்த முதலாளி வெளியே வந்து, "ஏனுங்க, இந்தம்மா எங்கியாவது பனியன் கம்பெனி வெச்சிருந்தாங்களா?" என்றார். வைத்திருந்தார்கள்தான். அவருடைய அப்பா ஹாங்காங்கில் தையல் பட்டறை நடத்தியவர். வாங்குகிறவர் தொழில் தெரிந்த ஆசியராகிவிட்டால் சாப்பாட்டு மேஜைப் பேரம் முடிந்தது என்று எங்களுக்கு அன்று புரிந்தது. விலைக்குள் ஒளிந்துகொள்ள இனி இடமில்லை.

2005 ஜனவரி 1 அன்று கோட்டா ஒழிந்தது. 2001 டிசம்பரிலேயே உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்திருந்த சீனா எல்லோரையும் விழுங்கிவிடும் என்ற பயம் ஊரெங்கும் இருந்தது. அந்தக் கோடையில் ஐரோப்பியத் துறைமுகங்களில் சீன உடைகள் கோடிக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. ஐரோப்பிய ஒன்றியம் சீனாவோடு பேசி 2007 முடிய மறுபடியும் வரம்பு வைத்தது. எங்களுக்கு அது மூச்சுவிடக் கிடைத்த அவகாசம். வரம்பு போன பிறகும் சீனா எங்களை விழுங்கவில்லை. அதற்குள் அங்கே கூலி ஏறிவிட்டது, எளிய பருத்திப் பனியனில் அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. அவர்கள் கைப்பற்றியது பாலியஸ்டரை. உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் இன்று பாலியஸ்டர்தான். நாங்கள் பருத்தியிலேயே பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெருமைக்கு இன்னமும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்களிடமிருந்து உண்மையில் ஆர்டரை எடுத்துப்போனது வங்கதேசம். ஒரு பையர் எங்களிடம் சீசன் தவறாமல் எடுத்த ஆண்களுக்கான ரவுண்ட் நெக் பனியனை மொத்தமாக டாக்காவுக்கு மாற்றினார். அதே பையரின் டாக்கா அலுவலகத்தில் ஒரு தரப் பயிற்சிக்கு அழைத்தபோது, அந்தப் பனியன் எங்கே தைக்கப்படுகிறது என்று பார்க்கும் ஆசையிலேயே போனேன்.

காஜிபூர் சாலையில் போக்குவரத்து நெரிசலில் பாதி நாள் போனது. ஆறு மாடி, எட்டு மாடிக் கட்டடங்கள், ஒவ்வொரு மாடியிலும் டியூப் லைட் வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பெண்கள். திருப்பூரில் அன்று ஒரே கூரைக்குக் கீழ் நூறு மிஷின் இருந்தால் பெரிய கம்பெனி. மீதியெல்லாம் சந்துக்குள் பவர் டேபிள் போட்டு காண்ட்ராக்டரும் டெய்லர்களும் அவர்களுக்கு உதவும் கைமடிகளுமாக ஓட்டுவது. அங்கே ஒரே மாடியில் நாங்கள் ஊர் முழுக்க அலைந்து சேர்க்கிற ஆட்கள். ஒரு வரிசையில் ஒரே ஸ்டைல், மாதக்கணக்கில். இன்றைக்கு ஒரு டெய்லர் என்ன தைத்தாரோ அதையே நாளையும் தைப்பார், அதனால் வேகம் தானாக வந்துவிடுகிறது. மூச்சுமுட்டுகிற வேகம்.

கோடவுனில் நூல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். திண்டுக்கல் பக்கத்து மில். எங்கள் கம்பெனியும் அங்கேதான் நூல் வாங்கும். அதே பஞ்சு, அதே மில், அதே கவுண்ட். கடல் கடந்து வந்து, துணியாகி, பனியனாகி, எங்களைவிடக் குறைந்த விலையில் ஹாம்பர்க் போகிறது.

எப்படி என்று அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வங்கதேசம் மிகக் குறைந்த வளர்ச்சியடைந்த நாடுகள் பட்டியலில் இருப்பதால், 2001 முதல் ஐரோப்பாவில் அதன் ஆடைக்குச் சுங்க வரி பூஜ்யம். எங்களுக்கு அப்போது 9.6 சதவீதம். மூன்று டாலர் பனியனுக்கு ஏறக்குறைய 29 சென்ட். அதே பனியனுக்குக் கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நாங்கள் கொடுத்த மொத்தக் கூலி அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். டெய்லருக்கும் கைமடிக்கும் செக்கிங் பெண்ணுக்கும் சம்பளமே தராமல் தைத்தால்தான் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியும்.

இரண்டாவது விஷயம் கடன். அங்கே பையரின் எல்.சி.யை, அதாவது அவருடைய வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தை, வங்கியில் வைத்து, அதன் பேரிலேயே நூலுக்கும் துணிக்கும் இன்னொரு எல்.சி. திறந்துகொள்ளலாம். கைக்காசு வேண்டாம். சரக்கு ஏறி பையர் பணம் அனுப்பியதும் வங்கி அதிலிருந்தே நூல்காரருக்குக் கொடுத்துவிடும். இறக்குமதி செய்த பொருள் வரியில்லாமல் நேராகப் பாண்டட் கோடவுனுக்குப் போகும். நாங்களோ நூலுக்கு ரொக்கம் புரட்டி, வட்டி கட்டி, கட்டிய வரியை அரசு திருப்பித் தரும் டிராபேக் எப்போது வரும் என்று காத்துக்கிடந்தோம். தொழிலாளியின் ஏழ்மையைவிட வங்கி அதிகாரியின் ஒரு கையெழுத்து வங்கதேசத்துக்கு அதிகம் உதவியது என்பது என் கட்சி.

அந்தக் கம்பெனியின் புரொடக்‌ஷன் மேனேஜர் இலங்கைக்காரர், யாழ்ப்பாணத் தமிழர். அந்த நாட்களில் டாக்கா கம்பெனிகளின் மேல்மட்டத்தில் இலங்கையர், இந்தியர், கொரியர் நிறையப் பேர் இருந்தார்கள். தமிழ் கேட்டதும் தன் அறைக்கு அழைத்துச் சோறு போட்டார்.

"தம்பி, எங்கட நாட்டில இந்தமாதிரி லட்சக் கணக்கில செய்யேலாது. அங்க உள்ளாடை, நீச்சலுடை எண்டு கஷ்டமான சாமானுக்குப் போயிட்டம். நீங்கள் எதுக்குப் போகப் போறியள்?"

"இன்னும் முடிவு பண்ணலைங்க அண்ணா" என்றேன்.

"முடிவெடுக்காட்டி ஓடர்காரன் உங்களுக்காக முடிவெடுப்பான்" என்று சொல்லிக் குழம்பை ஊற்றினார்.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கத்து சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிவிட்டன, தையல் கம்பெனிகள் மட்டும் ஆட்களை உள்ளே அனுப்பின. ஷிப்மென்ட் தேதி என்றால் என்னவென்று தெரிந்தவன் என்பதால் அந்தச் செய்தியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. அந்த வாரம் திருப்பூர் டீக்கடைகளில் "இனி ஆர்டர் நம்ம பக்கம் திரும்பும்" என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, அது பலிக்கவும் இல்லை. விசாரணைக் கடிதங்கள் நிறைய வந்தன, விலை சொன்னதும் நின்றன. பெரிய பிராண்டுகள் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு டாக்காவிலேயே தொடர்ந்தன. பூஜ்ய வரி அப்படியே இருந்ததே.

எங்கள் ஊரின் கணக்கையும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. துணியை லாரியில் ஏற்றி வெளியூர் பட்டறைகளுக்கு அனுப்பி, ஷேடு மாறி, கப்பலைத் தவறவிட்டு, விமானத்தில் அனுப்பி அழிந்த கம்பெனிகள் பல. ஆனாலும் தீர்ப்பு சரி என்றுதான் இன்றும் சொல்வேன். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்தவர்கள் வேறெப்படிச் சொல்ல முடியும்? ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற விதியால் டையிங் செலவு கூடியது. டாக்காவின் ஆறுகள் அந்தச் செலவைத் தங்கள் தலையில் வாங்கிக்கொண்டன, அது யாருடைய காஸ்டிங் ஷீட்டிலும் ஏறவில்லை. இன்று அதே ஐரோப்பிய பையர்கள் தண்ணீர்க் கணக்கைக் கேட்கிறார்கள், திருப்பூர் நிமிர்ந்து காட்டுகிறது. காட்டினால் பாராட்டுகிறார்கள். அதற்காக விலையை ஒரு சென்ட் கூட்டித் தருகிறார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

தொழில் கை மாறிய கதையை மிஷின்களிலும் பார்க்கலாம். நான் சேர்ந்தபோது நிட்டிங் என்றால் ஜெர்மன் மிஷின், தையலென்றால் ஜப்பானிய ஜூகி, யமாட்டோ. பிறகு தைவான் வந்தது. இன்று எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் சீன ஜாக் மிஷின்தான். அந்த ஜாக் 2009-இல் ஜெர்மனியின் புல்மர் கட்டிங் மிஷின் கம்பெனியையே வாங்கிவிட்டது. ஜெர்மனியின் பழம்பெரும் டுர்கோப் அட்லர் 2005-இலேயே ஷாங்காய் கைக்குப் போய்விட்டது. சாம்பிள் போடும் முறையும் மாறிவிட்டது. முன்பு ஒரு ஸ்டைலுக்குக் கூரியரில் திரும்பத் திரும்ப சாம்பிள் போகும். இப்போது சியோலில் எழுதப்பட்ட குளோ மென்பொருளில் பனியனைத் திரையிலேயே தைத்து, பொம்மைக்கு மாட்டி, அனுப்பிவிடுகிறார்கள். சாம்பிள் டெய்லர் என்று திருப்பூரில் ஒரு ராஜ உத்தியோகம் இருந்தது. அவர்களில் பலரை இப்போது காணோம்.

தேனி, புதுக்கோட்டை, திருவண்ணாமலை என்று தமிழ்நாடெங்கிலும் இருந்து ஆட்கள் வந்து நிறைந்த ஊர் இது. இப்போது தையல் ஹாலில் ஒடியாவும் போஜ்புரியும் கேட்கிறது. நம் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று முதலாளிகள் அலுத்துக்கொள்வார்கள். திருவண்ணாமலைப் பக்கத்து டெய்லர் ஒருவரிடம் கேட்டேன். "பொண்ணு செய்யாறுல ஷூ கம்பெனிங்க சார். தைவான்காரன் நடத்தறது. வீட்டு வாசல்லயே பஸ்சு வருது, பி.எஃப். பிடிக்கறான்" என்றார். தைவானின் ஃபெங் டே அங்கே நைக்கிக்கு ஷூ தைக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு தைவான் கம்பெனி ஐஃபோன் கோக்கிறது. ஆசியாவின் எழுச்சி திருப்பூருக்கு ஆர்டராகவும் வந்தது, ஆள் தட்டுப்பாடாகவும் வந்தது.

பையரும் இப்போது மேற்கிலிருந்து மட்டும் வருவதில்லை. ஜப்பானின் யூனிக்ளோ, துபாயின் மேக்ஸ், நம் டாடாவின் ஜூடியோ எல்லாம் வாங்குகிறவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்தது ஷீன்தான். குவாங்சோவின் சிறு பட்டறைகளுக்கு ஸ்டைலுக்கு நூறு, இருநூறு உருப்படி மட்டும் ஆர்டர் கொடுத்து, இணையத்தில் விற்றால் உடனே மேலும் தைக்கச் சொல்கிற கம்பெனி. சந்துக்குள் இருக்கும் பவர் டேபிளை நாங்கள் காலத்துக்கு ஒவ்வாதது என்று வெட்கப்பட்டோம். டாக்காவைப் பார்த்துப் பெரிய பெரிய ஷெட் போட்டோம். பார்த்தால் சீனாக்காரன் அதே சந்துப் பட்டறைகளை வைத்து உலகத்தை விலைக்கு வாங்குகிறான்!

அப்படியென்றால் நாமும் செய்யலாமே என்று ஒரு முதலாளி கிளம்பினார், கணக்குப் போட என்னைக் கூப்பிட்டார். இருநூறு உருப்படி தைக்கச் சிரமமில்லை. துணிதான் கிடைக்கவில்லை. குவாங்சோவில் சோங்டா துணிச் சந்தைக்குப் போனால் எந்த நிறமும் தயாராக ரோல் ரோலாக இருக்கும், பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. நமக்கோ ஆர்டர் வந்த பிறகு நூல் வாங்கி, நிட்டிங் போட்டு, சாயமேற்ற வேண்டும். நாற்பது கிலோ துணிக்குச் சாயப்பட்டறைக்காரர் மிஷினைக் கழுவவே மாட்டார். தயார்த் துணிச் சந்தை ஒன்று இங்கே இருந்திருந்தால் கதை வேறு. கூலி இங்கேயும் தடையாக இல்லை என்பதைக் கவனியுங்கள். குவாங்சோவில் தையல் கூலி நம்மைவிடப் பல மடங்கு.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது. வங்கதேசம், வியட்நாம், இலங்கைக்கு 20. அந்த மாதம் திருப்பூரில் எந்த டெய்லரின் கூலியும் ஏறவில்லை, டாக்காவில் எவருடைய கூலியும் இறங்கவில்லை. ஆனாலும் தைத்து முடித்து அட்டைப்பெட்டியில் போட்ட சரக்குக்கே தள்ளுபடி கேட்டு மெயில் வந்தது. ஐரோப்பாவோடு வரியில்லா வர்த்தகத்துக்கு இந்தியா பேச ஆரம்பித்தது 2007-இல். 2013-இல் பேச்சு நின்றது, 2022-இல் மறுபடி தொடங்கியது. வியட்நாம் அதே ஐரோப்பாவோடு ஒப்பந்தம் முடித்து 2020 ஆகஸ்டிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. இடையில் கழிந்த வருடங்களில் எத்தனை பனியன் கம்பெனி மூடியது என்பதை டெல்லியில் யாரும் எண்ணிவைத்திருப்பதாகத் தெரியவில்லை.

வங்கதேசம் 2026 நவம்பரில் அந்தக் குறை வளர்ச்சிப் பட்டியலிலிருந்து வெளியேறும் என்று ஐ.நா. பொதுச்சபை 2021-இல் தீர்மானித்தது. வெளியேறிய பிறகும் மூன்று வருடம் ஐரோப்பா சலுகையைத் தொடரும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் துணியைக் கையில் பிடித்துப் பழகுங்கள், முடிந்தால் ஒருமுறை டாக்காவுக்கோ குவாங்சோவுக்கோ போய்ப் பாருங்கள். டெய்லர் கூலியில் ஐம்பது பைசா குறைத்தால் ஆர்டர் நிற்கும் என்று எந்த முதலாளியாவது சொன்னால், காஸ்டிங் ஷீட்டோடு சுங்க வரி அட்டவணையையும் சேர்த்து அவர் மேஜையில் வையுங்கள்.